மக்கள் மருத்துவம் கண்ட மாமனிதர்

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. ஆயினும் நோய் வந்துற்றபோது செல்வம் உள்ளவனுக்கே மருந்து, இல்லாதவனுக்கு ஏக்கமே என்ற நிலை உலகெங்கும் நெடுங்காலம் நிலவியது. அந்நிலையைத் தம் நாட்டில் மாற்றிக் காட்டிய பெருமகனார் அனைரின் பெவன். பிரிட்டனின் தேசிய மருத்துவப் பணியை நிறுவியவர் அவரே.

வேல்ஸ் நாட்டின் டிரெடிகர் என்னும் சுரங்க ஊரில் 1897 நவம்பர் 15 ஆம் நாள், பத்துக் குழந்தைகளுள் ஒருவராகப் பெவன் பிறந்தார். தந்தை நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. மகனும் சிறுவயதிலேயே பள்ளியை விட்டுச் சுரங்கத்தில் இறங்கினார். திக்குவாய் அவரை வாட்டியது. தொழிலாளர் நூலகத்தில் படித்துப் படித்துச் சொல்வளம் சேர்த்தார். நாவில் தடுக்கும் சொல்லுக்கு மாற்றுச் சொல் தேடியே பெரும் பேச்சாளரானார். 1925 இல் தந்தையார் சுரங்கத் தூசியால் நுரையீரல் கெட்டு இறந்தார்.

டிரெடிகரில் தொழிலாளர் மருத்துவ உதவிச் சங்கம் ஒன்று இருந்தது. கூலியிலிருந்து சிறு தொகை கொடுத்தோர், நோயுற்றபோது தனிக் கட்டணமின்றி மருத்துவம் பெற்றனர். ஓர் ஊரால் இயன்றது ஒரு நாட்டால் இயலாதா? இவ்வினாவுக்கு விடை காணும் வாய்ப்பு, 1929 முதல் எபூ வேல் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த பெவனுக்கு 1945 இல் வந்தது. பிரதமர் அட்லி அவரைச் சுகாதார அமைச்சராக்கினார்.

1946 இல் சட்டம் நிறைவேறியது. எதிர்க்கட்சியான கன்சர்வேட்டிவ் கட்சி அதை எதிர்த்து வாக்களித்தது. மருத்துவர் சங்கமோ மேலும் கடுமையாக எதிர்த்தது. அரசின் சம்பளக்காரர்களாகிவிடுவோம் என்று மருத்துவர்கள் அஞ்சினர். 1948 பிப்ரவரியில் சங்கம் நடத்திய வாக்கெடுப்பில் பத்தில் ஒன்பது பேர் எதிர்த்தே வாக்களித்தனர்.

பெவன் இரு வழிகளில் இதனை வென்றார். முதலாவது, விட்டுக்கொடுத்தல். சிறப்பு மருத்துவர்கள் தனிநோயாளிகளையும் பார்க்கலாம் என்றார். குடும்ப மருத்துவர்களை முழுநேரச் சம்பளத்துக்கு உட்படுத்துவதில்லை என உறுதியளித்தார். இரண்டாவது, மக்களிடம் செல்லுதல். வீடுதோறும் துண்டறிக்கை சென்றது. ஒவ்வொரு குடும்பமும் தனக்கொரு மருத்துவரைத் தேர்ந்து பதிவு செய்துகொள்ளும்படி அது அழைத்தது. மக்கள் திரண்டு பதிவு செய்தனர். நோயாளிகளெல்லாம் அங்கே சென்றபின் மருத்துவர் மட்டும் ஒதுங்கி நிற்பது எங்ஙனம்? மே மாதம் நடந்த வாக்கெடுப்பில் எதிர்ப்புத் தளர்ந்தது. 1948 ஜூலை 5 ஆம் நாள் மான்செஸ்டர் அருகே ஒரு மருத்துவமனையில் பெவன் பணியைத் தொடங்கி வைத்தார்.

மூக்குக் கண்ணாடிக்கும் செயற்கைப் பல்லுக்கும் கூட்டம் அலைமோதியது. செலவு மதிப்பீட்டை விஞ்சியது. மருந்துச் சீட்டுக்குக் கட்டணம் விதிக்க இடமளிக்கும் 1949 ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பெவனே ஏற்றார் என்பதும் உண்மை. ஆனால் 1951 இல், கொரியப் போர்க்காலத்துப் படைச் செலவு பெருகிய வேளையில், கண்ணாடிக்கும் பல்லுக்கும் கட்டணம் என நிதியமைச்சர் கெய்ட்ஸ்கெல் அறிவித்ததும் பெவன் பதவி துறந்தார். கட்சியைப் பிளந்தார் என்ற பழியும் அவரைச் சேர்ந்தது. அவ்வாண்டே கட்சி தேர்தலில் தோற்றது.

சட்டத்தை எதிர்த்து வாக்களித்தவர்களே ஆட்சிக்கு வந்தனர். 1952 இல் மருந்துச் சீட்டுக்குக் கட்டணமும் வந்தது. ஆயினும் மருத்துவப் பணி கலைக்கப்படவில்லை. செலவை ஆராய அவர்கள் அமைத்த கில்பாட் குழு, நாட்டு வருமானத்தில் அதன் பங்கு உண்மையில் குறைந்தே உள்ளது என 1956 இல் அறிவித்தது. அதற்குள் பணி ஒவ்வொரு வீட்டின் உடைமையாகி விட்டது. அதைத் தொட எந்தக் கட்சியும் தயங்கியது.

1960 ஜூலை 6 ஆம் நாள், பணியின் பன்னிரண்டாம் ஆண்டு நிறைவுக்கு மறுநாள், பெவன் புற்றுநோயால் மறைந்தார். 2007 இல் அவர் பிறந்த வேல்ஸ், மருந்துச் சீட்டுக் கட்டணத்தை அறவே நீக்கியது.

மாணவ நண்பர்களே! ஓர் அரசு எழுதிய சட்டத்தை மற்றோர் அரசு அழித்தெழுதலாம். மக்கள் தமதென்று பற்றிக்கொண்டதைப் பறிப்பது அரிது. ஆதலின், நல்ல திட்டம் ஒன்றைக் காக்க விழைவோர் முதலில் மக்கள் வீட்டு வாயிலுக்குச் செல்லவேண்டும். சுரங்கத் தொழிலாளியின் மகன் நமக்கு விட்டுச்சென்ற பாடம் இதுவே.