மிளகின் காரத்தைப் பிரித்த மேதை

டென்மார்க் நாட்டில் ருட்கோபிங் என்ற சிற்றூர். அங்கே மருந்துக்கடை வைத்திருந்தவரின் மகன் ஹான்ஸ் கிறிஸ்தியன் ஓர்ஸ்டெட். பிறந்தது 1777-ல். பொய்முடி செய்யும் ஜெர்மானியர் ஒருவரிடம் ஜெர்மன் மொழி படித்தான் சிறுவன். ரசாயனம் பழகியது தகப்பனார் கடையில்!

மின்சாரம் ஓடும் கம்பி, திசைகாட்டும் முள்ளைத் திருப்பும் என்று 1820-ல் கண்டார். உலகமே புகழ்ந்தது. அதற்கு முந்திய ஆண்டு அவர் செய்ததைப் பலர் அறியார். மிளகிலிருந்து 'பைப்பரின்' என்ற பொருளைத் தனியே பிரித்தெடுத்தார். ரசம் குடிக்கையில் நாக்கில் சுள்ளென்று உறைக்கிறதே, அது இதனால்தான்.

1851-ல் ஓர்ஸ்டெட் காலமானார். நோயினால் மூளையில் உண்டாகும் அழற்சியைப் பைப்பரின் தணிப்பதை எலிகளிடம் பிற்கால விஞ்ஞானிகள் கண்டனர். மஞ்சளிலுள்ள குர்குமின் ரத்தத்தில் கலக்கவும் அது துணை செய்கிறது. மனித மூளைக்கும் மருந்தாகுமா? அது இன்னும் நிரூபணமாகவில்லை.