தலைக்குள் கரண்ட் விட்டுப் பார்த்த பர்கின்ஜி: நிற்கும் சுவர் ஏன் சுத்துது?

திருப்பூர் டையிங் யூனிட்டில் ஷேடு பார்க்கிறவங்களைக் கேளுங்க. பொழுது சாய்ஞ்சு இருட்டும்போது சிவப்பு மங்கிடும், நீலம் எடுப்பா தெரியும். இதுக்குப் பெயர் பர்கின்ஜி விளைவு. பிளஸ் டூ பயாலஜியில் படிச்ச பர்கின்ஜி செல்லும் இதே ஆளோட பெயர்தான். ஆனா இவர் செய்த வினோதமான சோதனை பலருக்குத் தெரியாது.

யான் பர்கின்ஜி 1787-ல் இன்றைய செக் நாட்டில் பிறந்தவர். பாதிரியார் ஆகப் போய், நடுவிலேயே வெளியேறி, பிராக் நகரில் மருத்துவம் படித்தார். பெரிய லேப் எல்லாம் கிடையாது. அதனால சொந்த உடம்பையே லேப் ஆக்கிக்கிட்டார். பார்வை எப்படி மாறுதுன்னு பார்க்க, விஷத்தன்மை உள்ள மருந்துகளைக்கூடச் சாப்பிட்டார். (துணிச்சலா, கிறுக்குத்தனமா? ரெண்டும்தான்.)

அடுத்து தலைசுற்றல். வேகமாகச் சுற்றி நின்ற பிறகும் சுற்றுப்புறம் ஏன் ஓடுது? சுற்றும்போது தலையை எப்படிச் சாய்ச்சிருந்தோமோ, அதைப் பொறுத்து அந்த ஓட்டத்தின் திசையும் மாறுவதைக் கண்டுபிடித்தார். 1820-ஐ ஒட்டிய ஆண்டுகளில், வோல்டாவின் பேட்டரியிலிருந்து தலைக்குள் கரண்ட் விட்டுப் பார்த்தார். ஒரு அடிகூட நகராமலே அதே கிறுகிறுப்பு!

காரணம் உட்காதில் இருக்கு. இரண்டு காதுக்கும் பின்னால் மெல்லிய கரண்ட் கொடுத்தால், நெகட்டிவ் பக்கத்துச் சமநிலை நரம்பு வேகமாகச் சிக்னல் அனுப்பும், பாசிட்டிவ் பக்கம் குறையும். தலை நெகட்டிவ் பக்கம் சாயுதுன்னு மூளை நம்பிடும். காட்சியை நிலையா வெச்சுக்க, கண்களை பாசிட்டிவ் பக்கம் லேசாக உருட்டும். தலையோ அசையவே இல்லை. அதனால எதிரே இருக்கும் சுவர் சாயுற மாதிரி தெரியுது.

இந்த விளக்கம் பர்கின்ஜிக்குக் கிடைக்கவில்லை. அவர் இறந்தது 1869-ல். கரண்ட் கொடுத்தால் கண் அசைவதை ஹிட்சிக் விவரித்தது 1871-ல். உட்காதுதான் சமநிலை உறுப்பு என மாக், பிராயர் போன்றவர்கள் நிறுவியது அதற்கும் பிறகு.

இன்னொரு விஷயம்தான் மனசை உறுத்துது. 1837-ல் சிறுமூளையில் அவர் பார்த்துச் சொன்ன பெரிய செல்களில் ஒரு பகுதிதான், காதுக்கும் கண்ணுக்குமான இந்த அனிச்சை அசைவைச் சரிபார்க்குது. விடை அவரோட மைக்ராஸ்கோப்புக்குக் கீழேயே இருந்திருக்கு.

இதே முறையை இன்று சமநிலைக் குறைபாடு பற்றிய ஆய்வுகளில், கட்டுப்பாட்டோடு பயன்படுத்துறாங்க. வீட்டில் பேட்டரியோட ட்ரை பண்ணாதீங்க.