கடவுச்சொல்லுக்குக் காவல் அமைத்த ராபர்ட் மோரிஸ்

மின்னஞ்சல், வங்கிக் கணக்கு, பல்கலைக்கழகப் பாடப்பதிவு என எதைத் திறந்தாலும் கணினி முதலில் கேட்பது கடவுச்சொல்லைத்தான். அதைக் காக்கும் முறையை வகுத்தவர்களுள் முக்கியமானவர் ராபர்ட் மோரிஸ். கணினித் துறை மாணவனான என்னை மிகவும் சிந்திக்க வைத்தது அவருடைய வாழ்க்கை.

1932-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிறந்த மோரிஸ், ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் கணிதம் பயின்றார். 1960-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து, யூனிக்ஸ் இயங்குதளத்தின் வளர்ச்சியில் பங்காற்றினார்.

அக்காலக் கணினிகள் பலவற்றில் அனைவரின் கடவுச்சொற்களும் ஒரே கோப்பில் அப்படியே எழுதப்பட்டிருந்தன. அக்கோப்பு வெளியானால் எல்லாமே போயிற்று! கேம்பிரிட்ஜில் பிறந்த ஒரு கருத்தை யூனிக்ஸுக்குக் கொண்டுவந்து மோரிஸ் இதற்குத் தீர்வு கண்டார். அரைத்த மாவிலிருந்து மீண்டும் அரிசியை எடுக்க முடியாதல்லவா? அதுபோல, கடவுச்சொல்லைத் திரும்பப் பெற முடியாத வடிவத்திற்கு மாற்றி, அவ்வடிவத்தை மட்டுமே கணினியில் சேமித்தார். கென் தாம்ப்சனுடன் இணைந்து 1979-இல் வெளியிட்ட ஆய்வில், ஒவ்வொரு கடவுச்சொல்லோடும் ஒரு தற்செயல் எண்ணைக் கலக்கும் முறையையும் விளக்கினார். அதற்கு 'உப்பு' என்று பெயர். இருவர் ஒரே சொல்லை வைத்திருந்தாலும், உப்பு வேறானால் சேமிக்கப்படும் வடிவமும் வேறாகிவிடும்.

அதே ஆய்வில் ஓர் எச்சரிக்கையும் இருந்தது. அவர்கள் திரட்டிய 3,289 கடவுச்சொற்களில் 86 விழுக்காடு, மிகக் குறுகியவையாகவோ அகராதியில் உள்ளவையாகவோ இருந்ததால் எளிதில் கண்டுபிடிக்கக் கூடியவை. பூட்டு வலுவாக இருந்தும் மனிதர்கள் சாவியை வாசற்படியிலேயே வைத்திருந்தனர்.

1986-இல் மோரிஸ் அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமைக்குச் சென்று, அதன் கணினிப் பாதுகாப்பு மையத்தின் தலைமை அறிவியலாளரானார். 1988 நவம்பர் 2-ஆம் நாள், 'புழு' எனப்படும் நிரல் ஒன்று இணையத்தில் பரவி ஆயிரக்கணக்கான கணினிகளை முடக்கியது. அது பயன்படுத்திய வழிகளுள் ஒன்று, எளிய கடவுச்சொற்களை ஊகித்து நுழைவது! அதை எழுதியவர் வேறு யாருமல்லர். கார்னெல் பல்கலைக்கழகத்தில் பயின்ற அவருடைய சொந்த மகன். தந்தை அந்த உண்மையை மறைக்கவில்லை. 1990-இல் மகனுக்கு அபராதமும் சமூக சேவையும் தண்டனையாக விதிக்கப்பட்டன.

1994-இல் ஓய்வு பெற்ற மோரிஸ், 2011-இல் மறைந்தார். ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே தந்தை சுட்டிக்காட்டிய குறையை உலகம் திருத்தாமல் இருந்தது. அந்த வாசல் வழியாகவே மகனின் நிரல் நுழைந்தது. அறிவியலாளர் காவல் அமைத்துத் தரலாம். கதவைச் சாத்த வேண்டியவர்கள் நாம்தான் என்பதே இவ்வாழ்க்கையிலிருந்து நான் கற்ற பாடம். நண்பர்களே, உங்கள் கடவுச்சொல் அகராதியில் இருக்கிறதா?