காவலில் ஒரு விருந்தினர்

செட்டிகுளப் பக்கம் அருவியாற்றைக் காணுந்தோறும் எனக்கு ஓர் ஆங்கிலேயரின் நினைவு எழும். சிங்களத்தில் மல்வத்து ஓயா எனப்படும் அவ்வாற்றைத் துணையாகக் கொண்டே 1679 இல் றொபேட் நொக்ஸ் அரிப்புக்குத் தப்பிச் சென்றார். இக்கால மாணவர் பிறநாட்டுக் குடும்பங்களோடு சில திங்கள் தங்கி அவர்தம் பண்பாட்டைப் பயின்று மீள்கின்றனர். நொக்ஸ் பிறர் நாட்டில் தங்கியதோ பத்தொன்பதரை ஆண்டுகள், விரும்பித் தங்கியதுமன்று.

அவர் 1641 இல் பிறந்தவர். தந்தையார் பெயரும் அதுவே. 'ஆன்' என்னும் கப்பலின் தலைவர். சோழமண்டலக் கரையிற் புயலால் பாய்மரத்தை இழந்த அக்கப்பல், பழுதுபார்க்கக் கொட்டியாரக் குடாவை அடைந்தது. 1660 இல் கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் பதினாறு பேரைப் பிடித்துக்கொண்டனர். இடையே, கப்பலுக்குச் செய்தி கொண்டுபோக மகனை விடுத்தனர். கப்பலேறிய இளைஞர் அங்கேயே இருந்துவிட்டிருக்கலாம். அவர் தந்தையிடம் திரும்பி வந்தார். அப்போது அவருக்கு வயது பத்தொன்பது.

கைதிகளைச் சிறைக்கூடத்தில் அடைக்கவில்லை. ஊர்களிற் பிரித்து வைத்தனர். சோறிடுவது ஊராரின் கடன். ஆயினும் அடுத்த ஆண்டு தந்தையார் காய்ச்சலால் இறந்தபோது, அடக்கஞ்செய்ய உதவி வேண்டிய மகனுக்கு அயலார் கொடுத்தனுப்பியது ஒரு கயிறு. பிணத்தைக் காட்டுக்கு இழுத்துச் செல்வதற்கு! பிணத்தீட்டுக்கு அஞ்சினர் போலும். நோயால் மெலிந்திருந்த மகன், உடனிருந்த பணியாட் சிறுவன் துணையோடு குழி தோண்டினார். இவ்விடத்தை நான் படிக்குந்தோறும் சற்று நிறுத்தியே மேலே செல்வேன். இலையிற் சோறிட்ட கை வேறு, பாடைக்குத் தோள் கொடுக்கும் உறவு வேறு என்பதை அன்று அவர் அறிந்திருப்பார்.

பின்னர் தொப்பி பின்னி விற்றார். நெல்லை வட்டிக்குக் கொடுத்தார். முதியவர் ஒருவரிடம் ஆங்கில விவிலியம் ஒன்றைக் கண்டு, தொப்பியொன்றைக் கொடுத்து அதனைப் பெற்றார். எலதெத்தவில் நிலம் வாங்கி வீடமைத்தார். உழவு, உணவு, மணவினை, தாலிப்பனை ஓலையின் பயன் என ஊர்வாழ்வு முழுவதையும் அவர் கண்டு வைத்தது இவ்வாறுதான். வந்து மீளும் வழிப்போக்கர் கண்ணுக்கு இவை இத்துணை நுணுக்கமாகத் தெரியா. புறப்பட வழியில்லாமையே அவருக்குக் கல்வியாயிற்று.

1679 செப்டெம்பரில், சில்லறை வணிகர்போல் நடித்து, ஸ்டீபன் ரட்லண்ட் என்னும் தோழரோடு வடக்கே நடந்தார். அநுராதபுரத்தில் இருந்தோர் தமிழ் பேசினர். இத்தனை ஆண்டு பயின்ற சிங்களம் அங்கே பயன்படவில்லை. அவருடைய நூலில் வன்னி ஒரு தனியரசின் நிலமாகக் குறிக்கப்பட்டுள்ளது. அதன் தலைவர் பெயரைக் கைலை வன்னியன் என்றே நாம் கொள்ளலாம். அந்நாட்டாரும் தம்மைப் பிடித்து அரசனிடம் ஒப்புவிப்பரோ என்ற அச்சத்தால், ஊர்களை விலக்கி ஆற்றோரக் காட்டிலேயே நடந்தனர். யானைகளுக்கு அஞ்சித் தீ மூட்டி உறங்கினர். வன்னி வீடு ஒன்றின் திண்ணையில் நொக்ஸ் சில நாள் இருந்திருப்பாராயின் நம் முன்னோர் வாழ்வைப் பற்றியும் ஓர் அதிகாரம் கிடைத்திருக்கும். இழப்பு நமக்கே.

ஒக்டோபர் 18 ஆம் நாள் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தனர். 1680 இல் இலண்டன் மீண்டார். அடுத்த ஆண்டு றொபேட் ஹூக் என்னும் அறிஞரின் முன்னுரையோடு அவருடைய இலங்கை வரலாறு வெளிவந்தது. மீண்டும் கடலோடிய அவர் 1720 இல் காலமானார்.

எலதெத்த வீட்டில் லூசியா என்னும் சிறுமியை அவர் வளர்த்து வந்தார். தோழர் ஒருவருக்குச் சிங்களப் பெண்ணிடம் பிறந்தவள். தப்பிய பின்னர், தம் வீடும் நிலமும் அவளுக்கே ஆகுக என எழுதியனுப்பினார். புறப்பட்ட அன்று அவளிடம் விடைபெற முடிந்திராது. சொல்லியிருந்தால் செய்தி ஊரெங்கும் பரவியிருக்கும்.