காற்றைக் கற்ற லிலியன்தால்

பல ஆண்டுகளாக நான் வகுப்பறையில் ஒரு பிழையைக் கற்பித்து வந்திருக்கிறேன். இறக்கையின் மீது காற்று செலுத்தும் விசையை விளக்கி முடித்ததும், பாடத்துக்குச் சுவையூட்ட ஓட்டோ லிலியன்தால் என்னும் ஜெர்மானியரின் பெயரைச் சொல்வேன். இறக்கையைக் கட்டிக்கொண்டு குன்றிலிருந்து பாய்ந்தவர், ஆபத்தைத் துச்சமாக மதித்தவர், அந்தத் துணிச்சலுக்கே பலியானவர் என்று இரண்டு நிமிடத்தில் அவர் வாழ்க்கையை முடித்துவிடுவேன். மாணவர்கள் கைதட்டுவார்கள். நானும் மகிழ்ந்து அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன்.

அண்மையில் இளங்கலை மூன்றாமாண்டு மாணவர் ஒருவர் வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்தார். பாராகிளைடர் ஓட்டப் பயிற்சி பெற விரும்புவதாகவும், வீட்டில் அன்னையார் அஞ்சித் தடுப்பதாகவும் சொன்னார். பிறகு, லிலியன்தால் உண்மையில் எதனால் விழுந்தார், அந்தக் காரணம் இன்றைய பாராகிளைடருக்கும் பொருந்துமா என்று கேட்டார். என்னால் விடை சொல்ல இயலவில்லை. இத்தனை ஆண்டுகள் ஒரு மனிதரின் மரணத்தைக் கதையாகச் சொல்லி வந்த நான், அதன் காரணத்தை ஒருமுறையேனும் தேடிப் பார்க்கவில்லை என்பதை அன்றுதான் உணர்ந்தேன். அதன்பின் தேடிப் படித்தேன். அந்த மாணவருக்கு நான் பட்ட கடனை இக்கட்டுரையால் ஓரளவு தீர்க்க முயல்கிறேன்.

பிறப்பும் இளமையும்

லிலியன்தால் 1848-ஆம் ஆண்டு மே மாதம் 23-ஆம் நாள், அன்றைய பிரஷ்ய நாட்டின் பொமரேனியா மாநிலத்தில் அங்க்லாம் என்னும் சிற்றூரில் பிறந்தார். பெற்றோருக்கு எட்டுக் குழந்தைகள். அவர்களுள் ஐவர் சிறு வயதிலேயே இறந்தனர். எஞ்சியவர்கள் ஓட்டோ, அவருக்கு அடுத்து 1849-இல் பிறந்த தம்பி குஸ்தாவ், தங்கை மரீ ஆகிய மூவரே. தந்தையாரும் விரைவில் மறைந்தார். தாயார்தாம் வறுமைக்கிடையே மூவரையும் வளர்த்துப் படிக்கவைத்தார்.

அங்க்லாம் ஊரைச் சுற்றிப் புல்வெளிகளும் ஈரநிலங்களும் உண்டு. அங்கே இரை தேடிவரும் செங்கால் நாரைகளை அண்ணனும் தம்பியும் மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சிறகை அடிக்காமலே அப்பறவை காற்றில் மிதந்து செல்வது அவர்களுக்குப் பெருவியப்பாக இருந்தது. பள்ளிப் பருவத்திலேயே பலகைகளால் இறக்கை செய்து கட்டிக்கொண்டு ஓடிப் பார்த்தார்கள். பறக்க முடியவில்லை. எத்தனையோ சிறுவர்களின் ஆசை அத்தோடு முடிந்துபோகும். இவர்களுடைய ஆசை முடியவில்லை.

ஓட்டோ போட்ஸ்டாம் நகரத் தொழிற்பள்ளியிலும், பின்னர் பெர்லின் தொழிற்கல்விக் கழகத்திலும் பயின்று பொறியாளர் ஆனார். 1870-இல் மூண்ட பிரெஞ்சுப் போரில் படைவீரராகப் பணியாற்றித் திரும்பினார். 1878-இல் ஆக்னஸ் என்னும் பெண்மணியை மணந்தார். நான்கு மக்களைப் பெற்றார். வெடிக்கும் அபாயம் குறைந்த சுருள்குழாய்க் கொதிகலன் ஒன்றை வடிவமைத்து, பெர்லினில் சொந்தமாகத் தொழிற்சாலை நடத்தினார். ஆலையின் இலாபத்தில் நான்கில் ஒரு பங்கைத் தொழிலாளர்களுக்குப் பகிர்ந்தளித்தார். நாடகத்திலும் அவருக்கு ஈடுபாடு உண்டு. ஏழை எளியவர்களும் பார்க்கத்தக்க மலிவான கட்டணத்தில் நாடகம் நடக்கவேண்டும் என்று உழைத்தார். வெடிக்காத கொதிகலனைத் தேடியவர் ஆபத்தைத் துச்சமாக மதிப்பவராக இருந்திருப்பாரா? என் பிழையை நான் முதன்முதலில் ஐயுற்ற இடம் இதுவே.

அளந்தபின் பறத்தல்

ஆலைப்பணிக்கிடையே அண்ணனும் தம்பியும் ஆய்வைத் தொடர்ந்தார்கள். சுழலும் கரம் ஒன்றின் முனையில் பலவகை இறக்கைகளைப் பொருத்திச் சுழற்றி, காற்று அவற்றை எவ்வளவு தூக்குகிறது, எவ்வளவு தடுக்கிறது என்று எடை வைத்து அளந்தார்கள். தட்டையான பலகையைவிட, நாரையின் சிறகைப்போல் மேற்புறம் சற்றே வளைந்த இறக்கைதான் மிகுந்த தூக்குவிசை தருகிறது என்பது அவர்கள் கண்ட உண்மை. இந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்து, பறவைகளின் பறத்தலை அடிப்படையாகக் கொண்ட நூல் ஒன்றை ஓட்டோ 1889-இல் வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 41. அதுவரை அவர் ஒருமுறைகூடக் காற்றில் மிதந்து சென்றதில்லை!

நூல் வெளிவந்த பிறகே பயிற்சி தொடங்கியது. அதையும் அவர் படிப்படியாகவே செய்தார். முதலில் தம் வீட்டுத் தோட்டத்தில் தாழ்வான ஒரு மேடை அமைத்து, இறக்கையோடு அதிலிருந்து குதித்துப் பழகினார். மேடையின் உயரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டினார். அதன்பின் 1891-இல் போட்ஸ்டாமுக்கு அருகில் டெர்விட்ஸ் என்னும் ஊரின் மேட்டிலிருந்து ஏறத்தாழ 25 மீட்டர் தொலைவு மிதந்து சென்றார். மனித வரலாற்றில் திரும்பத் திரும்பச் செய்து காட்டப்பட்ட முதல் பறத்தல் அதுவே என்பர். 1893 முதல் ரீனோ குன்றுகளில் 250 மீட்டர் வரை பறந்தார்.

1894-இல் பெர்லினை அடுத்த லிஷ்டர்ஃபெல்டேயில் தமக்கெனச் செயற்கைக் குன்று ஒன்றையே எழுப்பினார். 15 மீட்டர் உயரம், கூம்பு வடிவம், உச்சியில் கருவிகளை வைக்க ஒரு கொட்டகை. ஏன் கூம்பு வடிவம்? காற்று எந்தத் திசையிலிருந்து வீசினாலும் அதை எதிர்நோக்கி ஓடிப் பறக்கவேண்டும் என்பதற்காகவே. எதிர்க்காற்றில் எழுவதும் எதிர்க்காற்றில் இறங்குவதும் பறப்பவனுக்கு முதல் விதி. அந்த விதிக்காக ஒரு குன்றையே கட்டிய மனிதரைத்தான் நான் கண்மூடிப் பாய்ந்தவர் என்று சொல்லி வந்தேன்!

அவருடைய கருவி மூங்கிலைப்போல் வளையும் மரக்கொம்புகளின்மேல் துணி போர்த்தது. எடை ஏறத்தாழ 20 கிலோ. முழங்கைகளை ஊன்றித் தொங்கியபடி, கால்களையும் உடலையும் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் அசைத்தே அதை நடத்தவேண்டும். உடலை முன்னே கொண்டுபோனால் முகப்பு தாழும்; பின்னே கொண்டுபோனால் முகப்பு உயரும். தரையை நெருங்கும்போது உடலைப் பின்னே சாய்த்து முகப்பை உயர்த்துவார். இறக்கை காற்றை வாங்கி வேகம் குறையும். மரக்கிளையில் அமரும் பறவையைப்போல் காலூன்றி நிற்பார்.

1894-இல் ஒருமுறை முகப்பு மிகையாக உயர்ந்து, கருவி நிலைகுலைந்து தலைகீழாகப் பாய்ந்தது. முன்புறத்தில் அவர் பொருத்தியிருந்த வளைந்த மரவில் முறிந்து அதிர்ச்சியைத் தாங்கியதால் சிறு காயங்களோடு பிழைத்தார். விழக்கூடும் என்று முன்னரே எண்ணி அந்த வில்லைப் பொருத்தியவரும் அவரே. வலுவான காற்றில் நீண்ட இறக்கையை உடலசைவால் மட்டும் அடக்குவது கடினம் என்று கண்டு, 1895-இல் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு குறுகிய இறக்கைகள் கொண்ட கருவியையும் செய்து பார்த்தார். இவ்வாறு ஐந்தாண்டுகளில் 2000 முறைக்குக் குறையாமல் பறந்தார்.

இறுதி நாள்

1896-ஆம் ஆண்டு ஆகஸ்டு 9-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. ஷ்டோல்ன் ஊரை அடுத்த கோலன்பெர்க் குன்று. வெயில் நன்கு காய்ந்த நாள். அன்று முன்னரே பறந்து நலமாக இறங்கியிருந்தார். மீண்டும் பறந்தபோது, வெயிலால் சூடேறிய நிலத்திலிருந்து எழும்பிய காற்று திடீரென்று கருவியைத் தாக்கியது. முகப்பு உயர்ந்தது, முன்னோக்கிய வேகம் குன்றியது, கருவி நடுவானில் நின்றதுபோல் ஆயிற்று. அவர் முகப்பைத் தாழ்த்த உடலை முன்னே வீசிப் பார்த்தார். பயனில்லை. ஏறத்தாழ 15 மீட்டர் உயரத்திலிருந்து தரையில் மோதினார். கழுத்தெலும்பு முறிந்தது. பெர்லினுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, மறுநாள் மருத்துவமனையில் உயிர் நீத்தார். வயது 48.

இதில் இயற்பியல் யாது? இறக்கைக்கும் எதிரே வரும் காற்றுக்கும் இடையே உள்ள கோணம் கூடக்கூடத் தூக்குவிசையும் கூடும். ஆனால் ஓர் எல்லைக்கு மேல் கோணம் கூடினால், இறக்கையின் மேற்புறத்தைத் தழுவிச் செல்லும் காற்று பிரிந்து கலைந்துவிடும். தூக்குவிசை சட்டெனக் குறையும். இதைத்தான் ஸ்டால் என்கிறார்கள். இதிலிருந்து மீள ஒரே வழி, முகப்பைத் தாழ்த்தி மீண்டும் வேகம் பெறுவது. அதற்கு உயரம் வேண்டும். தடையின்றி விழும் பொருள் 15 மீட்டரைக் கடக்க 1.75 நொடி போதும் என்பதை நம் முதலாமாண்டு மாணவரும் கணக்கிட்டுச் சொல்வார். லிலியன்தால் செய்தது சரியான செயல்தான். அதற்கு வேண்டிய உயரம்தான் அவரிடம் இல்லை. லிஷ்டர்ஃபெல்டேயில் பயிற்சிக்காகத் தாமே கட்டிய குன்றின் உயரமும் அதே 15 மீட்டர் என்று படித்தபோது என் மனம் கனத்தது.

2016-இல் அவருடைய கருவியைப் போலவே ஒன்று செய்து, ஜெர்மன் விமான விண்வெளி ஆய்வு மையத்தார் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தார்கள். கருவி நிலையற்றதன்று என்பதே முடிவு. குறையுள்ள கருவியைக் கட்டிக்கொண்டு குதித்த மூடத்துணிவு என்னும் கதைக்கு இங்கே இடமில்லை. எனினும் ஒன்றை மறைக்கலாகாது. 1894-இல் அவர் பிழைத்த விபத்திலும் உயிரிழந்த இறுதி விபத்திலும் முகப்பு உயர்ந்ததே கேடாயிற்று. உடலசைவு ஒன்றை மட்டுமே நம்பிய முறையின் எல்லை அது. அவர் அதை அறிந்திருந்தார், தீர்வையும் தேடிக்கொண்டிருந்தார், தேடி முடிப்பதற்குள் காலம் முடிந்துவிட்டது.

அம்மரணச் செய்தி கடல் கடந்து அமெரிக்காவில் ரைட் சகோதரர்களின் உள்ளத்தில் பறக்கும் ஆர்வத்தைத் தூண்டியது. அவர்கள் முகப்பின் ஏற்ற இறக்கத்தை அடக்கத் தனியாக ஒரு சிறு இறக்கையை முன்னே வைத்தார்கள். மணற்பாங்கான இடம் தேடிச் சென்று தாழ்வாகப் பறந்து பழகினார்கள். 1903-இல் வெற்றி கண்டார்கள்.

மாணவருக்கு விடை

இனி அந்த மாணவரின் கேள்விக்கு வருகிறேன். லிலியன்தாலை வீழ்த்திய காரணம் பாராகிளைடருக்கும் பொருந்தும். பாராகிளைடரின் இறக்கை எலும்பில்லாத துணி. காற்று உள்ளே நிறைந்திருப்பதால்தான் அதற்கு வடிவம். ஓட்டுபவர் சில மீட்டர் கீழே கயிறுகளில் தொங்குகிறார்; இரு கைகளிலும் பிரேக் கயிறுகள் உண்டு. கொந்தளிக்கும் காற்றில் இறக்கை முன்னே பாய்ந்தால் கயிற்றை அளவாக இழுத்து நிறுத்தவேண்டும். பின்னே தங்கினால் கயிற்றைத் தளர்த்தி வேகம் கொடுக்கவேண்டும். ஒரு பக்கம் மடிந்துபோனால், மறுபக்கம் உடலைச் சாய்த்து, அளவாகப் பிரேக் இட்டு, முதலில் திசையைக் காக்கவேண்டும். அச்சத்தில் இரு கயிறுகளையும் இறுக்கி இழுத்துப் பிடித்தால் வேகம் செத்து ஸ்டால் வரும். நடுப்பகல் வெயிலில் மேலெழும் காற்று வலுவானது. ஆகவே புதியவர்கள் காலையிலும் மாலையிலும் பறப்பதே நன்று. குன்றின் காற்று மறைவுப் பக்கம் சுழல்காற்று உள்ள இடம். அங்கே போகவே கூடாது.

இறங்குவதற்கான திட்டத்தை உயரம் இருக்கும்போதே போட்டுவிடவேண்டும். எதிர்க்காற்றில் நேராக வரவேண்டும். தரைக்கு அருகே கூர்மையாகத் திரும்பலாகாது. வேகத்தை இறுதிவரை காத்து, கால் தரையைத் தொடவிருக்கும் நேரத்தில் இரு கயிறுகளையும் முழுமையாக இழுத்து நிற்கவேண்டும். நாரையும் லிலியன்தாலும் செய்தது இதுவே. மிக உயரத்தில் இழுத்துவிட்டால் அந்த ஞாயிற்றுக்கிழமை நேர்ந்ததே நேரும். தலைக்கவசமும் மாற்றுப் பாராசூட்டும் அந்த மரவில்லின் வழித்தோன்றல்கள். நல்ல ஆசிரியரின்கீழ்ப் பயில்வது அவை எல்லாவற்றுக்கும் முன்னே வருவது.

1989-ஆம் ஆண்டு அக்டோபர் 23-ஆம் நாள், கிழக்கு ஜெர்மனியின் பெரிய ஜெட் விமானம் ஒன்று ஷ்டோல்ன் ஊரின் குறுகிய புல்வெளியில் நலமாக வந்து இறங்கியது. இன்றும் அது அங்கே நினைவுச் சின்னமாக நிற்கிறது. அதற்குச் சூட்டிய பெயர் லேடி ஆக்னஸ். கணவரை அந்தக் குன்றில் பறிகொடுத்த மனைவியின் பெயர். வீட்டில் அஞ்சிக் காத்திருந்தவரின் பெயர் அவ்விடத்தில் நிலைத்தது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது.

மாணவருக்கு நான் சொன்னது இதுதான்: அன்னையாரின் அச்சத்தைப் பகையாகக் கருதவேண்டாம், அந்த அச்சம் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் விடை கற்றுக்கொண்டபின் போகவேண்டும். வரும் ஆண்டு அதே பாடம் வரும்போது, லிலியன்தாலின் துணிச்சலுக்காக அன்று. அவர் 41 வயதுவரை அளந்துகொண்டே காத்திருந்த பொறுமைக்காக மாணவர்கள் கைதட்டுமாறு சொல்லிக்கொடுப்பேன்.