விழுங்கணுக்களைக் கண்ட மெச்னிகாவ்

மழைக்காலத்தில் ரொட்டியின்மீது பூஞ்சை படர்வதை நீங்கள் கண்டிருப்பீர்கள். பூஞ்சையின் நுண்ணிய வித்துகள் காற்றெங்கும் கலந்துள்ளன. ஒவ்வொரு மூச்சிலும் அவற்றை நாம் உள்ளிழுக்கிறோம். ஆயினும் நம்மில் பெரும்பாலோர் அதனால் நோயுறுவதில்லை. உள்ளே புகும் பகையை எதிர்க்கும் காவற்படை ஒன்று நம் குருதியில் இருப்பதே அதற்குக் காரணம். அப்படையின் பணியை உலகுக்கு உணர்த்தியவர் இலியா மெச்னிகாவ்.

மெச்னிகாவ் 1845ஆம் ஆண்டு, உருசியப் பேரரசில் கார்கிவ் நகருக்கு அருகில் பிறந்தார். அப்பகுதி இன்று உக்ரைன் நாட்டில் உள்ளது. நான்காண்டுப் பட்டப்படிப்பை இரண்டே ஆண்டுகளில் முடித்த அவர், பின்னர் ஒடெசா பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பேராசிரியரானார். அவருடைய முதல் மனைவி லுத்மிலா 1873இல் காசநோயால் இறந்தார். பின்னர் மணந்த ஓல்காவும் டைபாய்டு காய்ச்சலால் துன்புற்று, அரிதின் மீண்டார். நோயின் கொடுமையை மெச்னிகாவ் தம் இல்லத்திலேயே கண்டார்.

1882இல் பல்கலைக்கழகப் பணியைத் துறந்து, இத்தாலியின் மெசினா நகருக்குச் சென்றார். ஒருநாள் குடும்பத்தார் சர்க்கஸ் காணச் சென்றிருந்தனர். மெச்னிகாவ் தனித்திருந்து, கண்ணாடி போன்ற உடலையுடைய நட்சத்திர மீனின் இளவுயிரிகளை நுண்ணோக்கியில் நோக்கிக் கொண்டிருந்தார். அவற்றினுள் உலவும் அணுக்கள் பகையை எதிர்க்குமோ என்னும் ஐயம் அவருக்கு எழுந்தது. தோட்டத்து ரோசாச் செடியின் முள்ளை ஓர் இளவுயிரியின் உடலில் செருகினார். மறுநாள் காலையில் அம்முள்ளைச் சுற்றி அணுக்கள் திரண்டிருந்தன! அவ்வகை அணுக்களே விழுங்கணுக்கள் எனப் பெயர் பெற்றன.

முள் உயிரற்றது. உயிருள்ள பகையையும் இவ்வணுக்கள் வெல்லுமா? இவ்வினாவிற்கு விடை தந்தது, குளத்து நீரில் வாழும் நீர்த்தெள்ளு என்னும் சிற்றுயிர். ஊசி போன்ற பூஞ்சை வித்துகளை அது உணவோடு விழுங்கிவிடும். அவை குடலைத் துளைத்து உடலுக்குள் புகும். உடனே குருதியணுக்கள் அவற்றைச் சூழ்ந்து, விழுங்கிச் சிதைக்கும். அணுக்கள் வென்றால் நீர்த்தெள்ளு பிழைக்கும். வித்துகள் தப்பி முளைத்துப் பெருகினால் அது மடியும். இப்போரை மெச்னிகாவ் 1884இல் விளக்கி எழுதினார்.

அறிஞர் பலர் அதனை ஏற்கவில்லை. வெள்ளணுக்கள் கிருமிகளைச் சுமந்து பரப்புகின்றன என்றே அக்காலத்தவர் பலர் கருதினர். குருதிநீரே நோயை எதிர்க்கிறது என்று வேறு சிலர் வாதிட்டனர். மெச்னிகாவ் தளரவில்லை. 1888 முதல் பாரிசிலுள்ள பாஸ்டர் நிறுவனத்தில் ஆய்வைத் தொடர்ந்தார். 1908இல் அவருக்கும், குருதிநீரின் ஆற்றலை ஆராய்ந்த பால் எர்லிக்கிற்கும் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. இரு தரப்பிலும் உண்மை இருந்தது. 1916இல் மெச்னிகாவ் பாரிசில் மறைந்தார்.

ஒடெசாவில் அவரிடம் பயின்ற ஹாஃப்கின் பின்னாளில் இந்தியா வந்து, 1897இல் மும்பையில் பிளேக் தடுப்பூசியை உருவாக்கினார்.

2021இல் கொரோனாவிலிருந்து மீண்ட பலரை நம் நாட்டில் கரும்பூஞ்சை தாக்கியது. அவர்களுள் பெரும்பாலோர் நீரிழிவு உடையவர்கள். ஸ்டீராய்டு மருந்து உட்கொண்டவர்களும் பலர். இவ்விரண்டும் விழுங்கணுக்களின் ஆற்றலைக் குறைப்பவை. காவற்படை தளரும்போதுதான் அதன் அருமை புலப்படுகிறது.

அருஞ்சொற்பொருள்
குருதி – இரத்தம்
அரிதின் – மிகுந்த துன்பத்திற்குப் பின்
ஐயம் – சந்தேகம்
மடியும் – இறக்கும்

பயிற்சி
1. மெச்னிகாவ் முள்ளை எதில் செருகினார்? மறுநாள் என்ன கண்டார்?
2. நீர்த்தெள்ளு பிழைப்பதும் மடிவதும் எதனைப் பொறுத்தவை?
3. பிரித்து எழுதுக: காவற்படை, இளவுயிரி, சிற்றுயிர்.
4. உங்கள் இல்லத்தில் எங்கெங்குப் பூஞ்சை படர்கிறது? பெரியோரிடம் கேட்டு ஐந்து தொடர்களில் எழுதுக.