புரூஸ் பூட் துரையும் மட்கல ஓடுகளும்

இராபர்ட் புரூஸ் பூட் துரையை நம்மவர் பெரும்பாலும் கல்லாயுதம் ஒன்றினாலேயே அறிவர். 1863-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் நாள், சென்னையை அடுத்த பல்லாவரத்தில், செம்பூரான்கற் சரளைக் குழியொன்றில் அவர் கண்டெடுத்த கைக்கோடரி, இந்நாட்டின் பழங்கற்கால வரலாற்றுக்கு வாயில் திறந்தது. அவ்வாண்டு செப்டம்பரில், உடன் அலுவல் பார்த்த வில்லியம் கிங் என்பாருடன் சென்று கொற்றலையாற்றுப் பக்கத்து அத்திரம்பாக்கத்தைக் கண்டார். அவ்விடத்து ஆயுதங்கள் ஏறக்குறைய 15 இலட்சம் ஆண்டுத் தொன்மையுடையன என்று 2011-ல் அறிஞர் கணித்து வெளியிட்டனர். இப்பெரும்புகழின் ஒளியில் மங்கிப்போன செய்தி ஒன்றுண்டு. அவர் கல்லோடு மட்கல ஓடுகளையும் பொறுக்கியவர். அதனையே ஈண்டுச் சொல்லக் கருதினேன்.

பூட் 1834-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் இங்கிலாந்தில் செல்ட்டன்ஹாம் என்னும் ஊரிற் பிறந்தார். 1858-ல் இந்திய நிலநூலாய்வுத் துறையில் அமர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்தார். அவர் மணந்தது பெர்சிவல் பாதிரியாரின் மகளாரை. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணைகொண்டு திருமறையைத் தமிழாக்கிய பெர்சிவல் ஐயரைத் தமிழ் மாணவர் அறியாதிரார். மாமனார் தமிழ்ச் சொல்லை ஆய்ந்தார். மருகர் தமிழ் மண்ணை ஆய்ந்தார்.

அவருக்கு இட்ட பணி பாறைகளைப் பார்த்து நிலப்படம் எழுதுவது. 33 ஆண்டுகள் அதனைக் குறைவறச் செய்து 1891-ல் ஓய்வு பெற்றார். பின்னர்ப் பரோடா, மைசூர் அரசுகளுக்கும் நிலநூற்பணி செய்தார். போகுமிடமெல்லாம் கிடந்த பழம்பொருள்களை எடுத்து, எவ்வூரில் எந்நிலையிற் கிடைத்தது என்று குறித்துவைத்தார். இவ்வாறு அவர் கண்ட தொல்லிடங்கள் நானூற்றுக்கு மேற்பட்டவை. முழுக்கலத்தையும் மணியையுமே பெரிதென மதித்து, உடைந்த ஓட்டை எறிந்துவிட்டோர் பலர் வாழ்ந்த காலம் அது. பூட் துரையோ ஓடுகளை நிறத்தாலும் மெருகாலும் அணிவேலையாலும் வகைப்படுத்தினார். கர்நூற் பக்கத்துப் பட்பாடு என்னும் ஊரில் வண்ணந்தீட்டிய ஓடுகளை முதலிற் கண்டவரும் அவரே.

தீ மண்ணை என்ன செய்யும் என்பதில் அவர் கருத்தூன்றினார் என்பதற்குப் பல்லாரிச் சீமைச் சாம்பல்மேடுகள் சான்று. கண்ணாடிபோல் உருகி இறுகிய கட்டிகள் நிறைந்த அம்மேடுகளை அரக்கர் எரிந்த சாம்பல் என்றனர் ஊரார்; எரிமலைக் கழிவென எண்ணினாரும் உளர். அவை மலையாகக் குவிந்த மாட்டுச் சாணம் எரிந்து உருகியவை என்று பூட் துணிந்தார். 1963-ல் ஆல்சின் என்பார் எழுதிய நூல் அத்துணிபை உறுதிப்படுத்திற்று.

ஓடு என்பது மனிதன் செய்த பாறை. சுமார் 600 பாகை வெம்மையைக் கடந்த களிமண் தன்னுட் கலந்த நீரை இழந்துவிடும்; பிறகு எத்தனை மழை பெய்தாலும் சேறாகாது. ஆதலின் ஈராயிரம் ஆண்டுக்கு முன் குயவன் செய்ததெல்லாம் அதனுள்ளே எழுதப்பட்டிருக்கிறது. ஓட்டை ஒளி ஊடுருவுமளவு மெல்லியதாகச் சீவி உருப்பெருக்கியின் கீழ் நோக்கினால், மண்ணிற் கலந்த படிகக்கல், காக்காய்ப்பொன் முதலிய மணல்கள் தோன்றும். அம்மண் எம்மலையிலிருந்து ஆறு அரித்து வந்தது என ஊகிக்கலாம். பாறையை ஆய நிலநூலார் வகுத்த முறையே இது.

உள்ளே கருமையும் வெளியே செம்மையும் உடைய நம் பழங்கலங்கள் இன்னும் வியப்பானவை. கலத்தைக் கவிழ்த்து, உள்ளே உமியோ வைக்கோலோ இட்டுச் சுட்டால், காற்றுப் புகாத உட்புறம் கரியேறிக் கறுக்கும். காற்றுப்பட்ட வெளிப்புறத்தில் மண்ணிலுள்ள இரும்பு சிவக்கும். ஒரே சூளையில் ஒரே கலத்துக்கு இரு நிறம் இவ்வாறு வந்தது என்பர் ஆய்வாளர் பலர். இருமுறை சுட்டனர் என்பாரும் உண்டு. கீழடி ஓடுகளில் சிவப்புக்கு இரும்புத் துருவும் கருமைக்குக் கரியும் காரணம் என்றும், சூளைவெம்மை 1100 பாகையளவு எட்டிற்று என்றும் 2019-ல் வெளிவந்த தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை அறிக்கை கூறும். சக்கரமும் சூளையும் அன்றி வேறு கருவியில்லாதார் செய்த வேலை இது!

பழனிமலைக் கற்றிட்டைகளைப் பற்றி அங்கிலாத், நியூட்டன் என்னும் இயேசு சபைக் குருமார் எழுதிய நூல் 1928-ல் வெளிவந்தது. மேல்மலைக் கிளாவரையிற் பிறந்த எனக்கு அந்நூல் நெருக்கமானது. எனினும் கற்றிட்டைப் பக்கம் புதையல் தேடித் தோண்டுவோர் ஓடுகளை மிதித்து நொறுக்குவதை நினைத்தால் மனம் நோகிறது. இடம் தெரியாத ஓடு ஊமை. பூட் துரை குறித்துவைத்த ஊர்ப்பெயரே அவர் சேர்த்த ஓடுகளைப் பேசவைக்கிறது.

அவர் வாழ்நாளெல்லாம் திரட்டிய தொகுதி 1904-ல் சென்னை அரசாங்கப் பொருட்காட்சிசாலையைச் சேர்ந்தது. அதன் விளக்கப் பட்டியலை முதுமையில் அவரே எழுதினார். அச்சிற் காணும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. 1912-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ஆம் நாள் கல்கத்தாவில் இறைவனடி சேர்ந்தார். பட்டியல் 1914-லும், காலமும் இடமும் பற்றிய குறிப்புகள் 1916-லும் வெளிவந்தன. அவர் இறுதிக்காலத்தில் வாழ்ந்த ஏற்காட்டில், திரித்துவ ஆலயத்தில் அவருக்கு நினைவுக்கல் உளது. ஓடுகள் எழும்பூரில் உள்ளன.